அக்கா எழுதிக் கொடுத்த கடிதம்

சின்னவள் என்றுதான் வீட்டில் அவளுக்குப் பெயர். வயது முப்பத்தாறு, ஒன்பது வயதுப் பெண்ணுக்குத் தாய், தினமும் அறுநூறு எழுநூறு படுக்கை விரிப்புகளை இஸ்திரி உருளைக்குள் அனுப்புகிறவள். ஆனாலும் சின்னவள்தான். நான்கு வயது மூத்த அக்கா ஒருத்தி இருந்ததால் வந்த பட்டம். அக்கா பெரியவள். பெரியவள் பள்ளிக்கூடம் போனாள், பின்னாலேயே சின்னவளும் போனாள். பெரியவள் நூற்பாலையில் சேர்ந்தாள், சின்னவளும் சேர்ந்தாள். பெரியவள் கடல் கடந்து போனாள். பதினோரு வருஷம் கழித்துச் சின்னவளும் புருஷனையும் மகளையும் கூட்டிக்கொண்டு அதே ஊரில் போய் இறங்கினாள். இவளுக்கென்று ஒரு வழி கிடையாதா என்று கேட்டால், கிடையாதுதான். அக்கா நடந்த தடத்தில் முள் இருந்தால் அக்காவே எடுத்துப் போட்டிருப்பாள் என்பது அவள் நம்பிக்கை.

வேலை ஒரு சலவை ஆலையில். ஆஸ்பத்திரிகளுக்கும் ஓட்டல்களுக்கும் வெளுத்துக் கொடுக்கிற பெரிய கொட்டகை. ஒரு வாசலில் அழுக்குத் துணி மூட்டை மூட்டையாக உள்ளே வரும், மறு வாசலில் மடித்து அடுக்கி வெளியே போகும். நடுவில் நீராவியும் இரைச்சலும். பிழிந்து வந்த விரிப்பை ஆளுக்கு ஒரு மூலையாகப் பிடித்து, ஒரு உதறு உதறி, சூடான உருளைக்குள் நேராக நுழைக்க வேண்டும். துளி கோணினாலும் சுருக்கம் விழுந்து, மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான். தனி ஒருத்தியால் ஆகிற வேலை இல்லை. இடது மூலை பெரியவள், வலது மூலை சின்னவள். சின்ன வயதில் அம்மாவோடு சேலை மடித்த கைகள். ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்க்காமலே ஒரே நேரத்தில் உதறுவார்கள். மேற்பார்வைக்காரி அப்படியே நின்று பார்ப்பாள். அவள் சட்டையும் நடையும் எப்போதும் விறைப்பாக இருக்கும் என்பதால் சகோதரிகள் அவளுக்குக் 'கஞ்சி' என்று பெயர் வைத்திருந்தார்கள். நீரில் போட்டாலும் வளையாத கஞ்சி.

அந்த நாட்டில் அந்தக் குடும்பம் காலூன்றி நின்றதே சின்னவளின் வேலையை வைத்துத்தான். குடியிருப்பு அனுமதி அவள் பேரில் வந்தது. அவள் புருஷன் பதினான்கு வருஷம் எலக்ட்ரீஷியனாக இருந்தவர். ஆனால் அந்த நாட்டு மொழியில் ஒரு பரீட்சை எழுதித் தேறாதவரை அங்கே ஒரு சுவிட்சைக் கழற்றக்கூட அவருக்கு உரிமை இல்லை. மாலை வகுப்புக்குப் போய்ப் படித்துக்கொண்டிருந்தார். யாராவது விசாரித்தால், "வந்தது மூணு பெட்டி, நான் நாலாவது" என்பார். சிரித்துக்கொண்டே சொன்னாலும் அந்தச் சிரிப்பு காதுவரைக்கும் போகாது. சின்னவளின் வேலை என்கிற ஒற்றை ஆணியில்தான் மூன்று பேர் வாழ்க்கையும் மாட்டியிருந்தது. ஆணி பிடுங்கிக்கொண்டால் அறுபது நாளில் மூட்டை கட்ட வேண்டும். இது மூவருக்கும் தெரியும்.

மகள் விஷயம் வேறு. வந்த புதிதில் எட்டு மாதம் அந்தப் பிள்ளை பள்ளிக்கூடத்தில் வாயே திறக்கவில்லை. டீச்சர் காகிதம் காகிதமாக எழுதி அனுப்பினாள். ஒரு நாள் டீச்சரே போன் செய்தாள். கடைசியில் பார்த்தால், ஊஞ்சலில் வரிசை தப்பி ஏறின ஒரு பெண்ணை இவள் அந்த மொழியிலேயே சுத்தமாகத் திட்டியிருக்கிறாள். டீச்சருக்கு அது சந்தோஷச் செய்தி. அதற்கப்புறம் அவள் வாய் மூடவே இல்லை. இந்தப் பிள்ளையை மறுபடியும் பிடுங்கி வேறு மண்ணில் நடக்கூடாது என்று சின்னவள் மனதுக்குள் சத்தியம் செய்திருந்தாள்.

இப்படி இருக்கும்போதுதான், சின்னவள் வேலையில் சேர்ந்த பத்தாம் மாதம், துணி மாற்றும் அறையில் பெரியவள், வாசல் மெஷினில் தட்டி நேரம் பதிகிற தன் வருகை அட்டையை அவள் கையில் வைத்தாள்.

"நாளையில இருந்து என் அட்டையையும் சேத்துத் தட்டிடு. பஸ்ஸு சரியா வர மாட்டேங்குது."

பஸ் சரியாகத்தான் வந்தது. பெரியவள் விடியற்காலையில் ஒரு அலுவலகத்தைப் பெருக்கித் துடைக்கும் வேலையும் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒற்றையாளாக வளர்த்த மகன் கல்லூரியில் சேர்ந்திருந்தான். சலவை ஆலை ஒப்பந்தப்படி இன்னொரு வேலை பார்க்கக்கூடாது. ஆகவே வாரத்தில் மூன்று நாள் அரை மணி நேரம் பிந்தித்தான் வருவாள். சின்னவளுக்கு எல்லாம் தெரியும். அவள் ஏன் என்று கேட்கவும் இல்லை, யோசிக்கவும் இல்லை. ஊரில் நூற்பாலையில் இது நடக்காத நாள் கிடையாது. பிள்ளைக்குக் காய்ச்சல், குழாயில் தண்ணீர் வரவில்லை, மாமியார் சண்டை என்று யாராவது பிந்துவார்கள். முந்தி வந்தவள் அவள் அட்டையையும் சேர்த்துத் தட்டிவிடுவாள். பக்கத்து வீட்டில் ஒரு கை கடுகு வாங்குவது போலத்தான் அது. வாங்கினவளும் நினைவில் வைக்க மாட்டாள், கொடுத்தவளும் நினைவில் வைக்க மாட்டாள். அந்தக் கடுகை இங்கே திருட்டு என்று எழுதி வைத்திருக்கிறார்கள் என்பது சின்னவளுக்குத் தெரியாது. பதினோரு வருஷமாக இருக்கிற பெரியவளுக்குத் தெரியும்.

ஆறு மாதம் ஓடியது. அக்கா வராத அரை மணி நேரத்தில் சின்னவள் தலையணை உறைகளை எடுத்துக்கொள்வாள், அதற்கு ஒரு ஆள் போதும். அவள் கெட்டிக்காரத்தனமே அவளைக் காட்டிக் கொடுத்தது. வாரத்தில் அதே மூன்று நாள் மட்டும் தலையணை உறை ஏன் முதலில் வருகிறது என்று கஞ்சி யோசித்திருக்கிறாள். ஒரு செவ்வாய்க்கிழமை காலை சின்னவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, கம்ப்யூட்டர் திரையைத் திருப்பிக் காட்டினாள். வாசல் காமிராவில் எடுத்த படம். சின்னவளின் கை ஒரு அட்டையைத் தட்டுகிறது. அடுத்த நொடியில் இன்னொரு அட்டையைத் தட்டுகிறது. கஞ்சி ஏதோ கேட்டாள். சின்னவளுக்குப் பாதிதான் புரிந்தது. கஞ்சி ஒரு படிவத்தை நீட்டி, காலண்டரில் அடுத்த திங்கட்கிழமையைத் தொட்டுக் காட்டினாள். எழுத்தில் விளக்கம் வேண்டும் என்று அர்த்தம்.

விஷயத்தைக் கேட்டதும் பெரியவளின் முகம் வெளுத்துவிட்டது. கொஞ்ச நேரம் பெஞ்சில் உட்கார்ந்து ஷூ கயிற்றையே அவிழ்த்து அவிழ்த்துக் கட்டினாள். அப்புறம் எழுந்து தங்கையின் தோளைப் பிடித்தாள்.

"நீ யார்கிட்டயும் எதுவும் பேசாதே. நான் பாத்துக்கறேன்."

இந்த இரண்டு வார்த்தையைச் சின்னவள் பிறந்ததிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறாள். விசா அலுவலகத்தில், வாடகை ஒப்பந்தத்தில், பல் டாக்டரிடம், எல்லா இடத்திலும் "நான் பாத்துக்கறேன்"தான். ஆகவே அவள் நிம்மதியாக வீட்டுக்குப் போய்த் தூங்கினாள்.

சனிக்கிழமை மத்தியானம் பெரியவள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் விளக்கம் தயாரானது. பெரியவள் எழுத, சின்னவள் டீ போட்டுக் கொடுத்தாள். அக்காவின் கையெழுத்து அழகு. அந்நிய எழுத்தையும் கோலம் போடுகிற மாதிரி எழுதுவாள். ஒரு பக்கம் முடிந்து அடுத்த பக்கம் பாதி ஆனது.

"என்னக்கா எழுதியிருக்கே?"

"ரெண்டு பேரும் விவரம் தெரியாம செஞ்சுட்டோம், இனிமே செய்ய மாட்டோம், மன்னிச்சுக்கோங்கன்னு."

"அதுக்கு இவ்வளவு நீளமா?"

"இந்த ஊர்ல மன்னிப்பு கேக்கறதுன்னா நீளமாத்தான் கேக்கணும். குட்டையா கேட்டா திமிருன்னு நினைப்பாங்க."

இரண்டு பேரும் சிரித்தார்கள். சின்னவள் பேனாவை வாங்கித் தமிழில் கையெழுத்துப் போட்டாள். புரியாத காகிதத்தில் கையெழுத்துப் போடக்கூடாது என்று சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும், இவளுக்குத் தெரியாதா என்று கோபம் வரலாம். தெரியும்தான். ஆனால் அக்கா எழுதினதைப் படித்துக் காட்டு என்று கேட்பது, அம்மா ஊட்டுகிற சோற்றை மோந்து பார்க்கிற மாதிரி. அந்தப் பழக்கம் அவர்கள் வீட்டில் இல்லை.

புதன்கிழமை சின்னவளை வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள். ஒரு கனத்த உறையைக் கொடுத்து, அலமாரிச் சாவியையும் அட்டையையும் வாங்கிக்கொண்டு, வாசல்வரை கஞ்சியே வந்து விட்டுப் போனாள். போகும்போது அவள் முகத்தில் கோபத்தைவிட ஏமாற்றம்தான் அதிகம் தெரிந்தது. சின்னவளுக்கு அது ஏன் என்று அப்போது விளங்கவில்லை. பெரியவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அடுத்த வாரமே துணி பிரிக்கும் பகுதிக்கு அவளைப் பொறுப்பாளராக ஆக்கினார்கள்.

உறையைப் பிரித்துப் படித்ததும் பெரியவள்தான். நின்ற இடத்திலேயே வேகமாகப் பார்த்துவிட்டு மடித்து உள்ளே போட்டாள்.

"சட்டம் அப்படித்தானாம். பின்னாடி இருக்கறது நாம எழுதினதோட நகல், வேற ஒண்ணுமில்ல."

"போய்ப் பேசிப் பாக்கலாமாக்கா? மறுபடியும் விசாரிக்கச் சொல்லி?"

"அப்பீல் கிப்பீல் எல்லாம் இங்க கிடையாதுடி. நீ அழுவாதே. எனக்கு ரெண்டு மூணு இடத்துல ஆள் தெரியும். நான் பாத்துக்கறேன்."

சின்னவள் அழுதாள்தான். ஆனால் தனக்காக மட்டும் அழவில்லை. அக்காவுக்கு எவ்வளவு சங்கடமாக இருக்கும், தன் பொருட்டுத் தங்கைக்கு வேலை போயிற்றே என்று எப்படிக் குமைவாள் என்று நினைத்து அதற்கும் சேர்த்து அழுதாள். தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்களே, அப்படி ஆடியது. மறுநாள் அக்காவைத் தேற்றுவதற்காக அவளுக்குப் பிடித்த மாதிரி முட்டைப் பொரியல் செய்து டப்பாவில் போட்டுக் கொடுத்தனுப்பினாள். பெரியவள் டப்பாவைக் கழுவித் திருப்பி அனுப்பினாள்.

ஒரு வாரம் போயிற்று. அக்காவுக்குத் தெரிந்த ஆள் யாரும் போன் செய்யவில்லை. பள்ளிக்கூடத்தில் மகளுக்கு ஒரு வழக்கம் உண்டு. தினமும் வீட்டில் இருபது நிமிஷம் எதையாவது சத்தமாகப் படிக்க வேண்டும், அம்மாவோ அப்பாவோ கையெழுத்துப் போட வேண்டும். அன்றைக்கு நூலகப் புத்தகம் தீர்ந்துவிட்டது. பால் டப்பாவின் மேல் இருந்ததைப் படித்து முடித்தாள். அப்புறம் அலமாரியில் இருந்த உறையை எடுத்துக்கொண்டு வந்து சமையலறைத் தரையில் உட்கார்ந்தாள். சின்னவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். பெண் விரலை வைத்து எழுத்துக் கூட்டிப் படிக்கிற சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது, அப்புறம் நின்றுவிட்டது.

"அம்மா, பெரியம்மாவுக்குத் தெரியாம அவங்க அட்டையை நீ ஏன் எடுத்தே?"

"என்னது?"

"இதுல நீதானே எழுதியிருக்கே. அவங்க கோட்டுல இருந்து நானே எடுத்தேன், அவங்களுக்குத் தெரியாதுன்னு."

சின்னவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து மகள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். "முதல்ல இருந்து படி. ஒவ்வொரு வரியா தமிழ்ல சொல்லு. எதையும் விடாதே" என்றாள். பெண் சொல்லச் சொல்ல, அந்த அழகான கையெழுத்து என்ன சொல்கிறது என்பது முதல் தடவையாக அவளுக்குத் தெரிய வந்தது. அட்டையை அவள் தானாகவே எடுத்தாளாம். அக்காவின் தயவைச் சம்பாதித்து லேசான வேலைக்கு மாறலாம் என்று ஆசைப்பட்டாளாம். விஷயம் தெரிந்தபோது அக்கா கண்டித்தாளாம், அதையும் கேட்காமல் மறுபடியும் செய்தாளாம். என்ன தண்டனை கொடுத்தாலும் ஏற்றுக்கொள்கிறாளாம். அக்கா என்ற உறவு ஒரு இடத்திலும் இல்லை, பெயர் மட்டும்தான். கீழே அவள் கையெழுத்து, தமிழில்.

மன்னிப்பு ஏன் ஒன்றரைப் பக்கம் ஆனது என்பது இப்போது தெரிந்தது. கஞ்சியின் முகம் ஏன் அப்படி இருந்தது என்பதும் தெரிந்தது.

"மேல இருக்கற லெட்டர்ல என்ன போட்டிருக்கு? அதையும் படி."

மகள் படித்தாள். வேலை நீக்கம், தேதி, சட்டப் பிரிவு. கடைசிப் பத்தியில், இந்த முடிவை ஏற்காவிட்டால் பத்து வேலை நாட்களுக்குள் மறுவிசாரணை கேட்கலாம், மொழிபெயர்ப்பாளர் இலவசம் என்று இருந்தது. கிடையாது என்று பெரியவள் சொன்னது கறுப்பு மையில் தடித்த எழுத்தில் இருந்தது. சின்னவள் விரல் விட்டுப் பார்த்தாள். ஆறு வேலை நாள் போயிருந்தது.

தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்று ஒரு பழமொழி இருக்கிறது. சின்னவள் அதை ஆயிரம் தடவை கேட்டிருக்கிறாள், அடுத்த வீட்டுக்காரர்களைப் பற்றிச் சொல்லும்போது. தன் வீட்டு வாசலில் அது வந்து நிற்கும் என்று அவள் நினைத்ததே இல்லை. அடுப்பை அணைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். மகள் பயந்து போய், "நான் தப்பா படிச்சுட்டேனாம்மா?" என்று கேட்டாள். "இல்லடா கண்ணு. நீ சரியாத்தான் படிச்சே" என்று சொல்லி, அவள் நோட்டில் அன்றைய இருபது நிமிஷத்துக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள்.

சாயங்காலம் வகுப்பு முடிந்து புருஷன் வந்தார். சின்னவள் வாசலிலேயே ஆரம்பித்தாள். அக்கா செய்ததைச் சொன்னாள், கடிதத்தைக் காட்டினாள், வார்த்தைக்கு வார்த்தை சொன்னாள். புருஷன் குதிப்பார், இப்போதே போய் நாலு கேள்வி கேட்கலாம் வா என்பார், தான்தான் அவரை அடக்க வேண்டியிருக்கும் என்று எதிர்பார்த்தாள். அவர் குதிக்கவில்லை. செருப்பைக் கழற்றி ஒழுங்காக ஓரத்தில் வைத்தார். கடிதத்தைக் கையில் வாங்கவே இல்லை.

"ஏங்க, நான் சொல்றது காதுல விழுதா?"

"விழுது."

"அப்புறம் ஏன் இப்படி நிக்கறீங்க?"

அவர் தண்ணீர் குடித்தார். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார். "அது எனக்குத் தெரியும்" என்றார்.

நீட்டியிருந்த கடிதத்தைச் சின்னவள் கீழே இறக்கினாள்.

"எழுதப் போறதை உன் அக்கா என்கிட்ட முதல்லயே ஒரு தாள்ல காட்டினாங்க. வெள்ளிக்கிழமை, என் கிளாஸ் வாசல்ல வந்து. ரெண்டு பேர் வேலையும் போச்சுன்னா ரெண்டு குடும்பமும் நடுத்தெருவுல நிக்கும். ஒருத்தர் தப்பிச்சா இன்னொருத்தரைத் தூக்கி விடலாம். அவங்களுக்கு ஆள் பழக்கம் இருக்கு, உனக்கு இல்ல. நான் யோசிச்சுப் பாத்தேன். அவங்க சொன்னது சரின்னுதான் பட்டுச்சு."

"என்கிட்ட ஏன் சொல்லலை?"

"உனக்கு மூஞ்சில எதையும் மறைக்கத் தெரியாது. விசாரணையில உளறிடுவேன்னு…"

இதற்குமேல் அவர் பேசினது எதுவும் சின்னவள் மனதில் நிற்கவில்லை. வகுப்பு வாசலில், தன் அக்காவும் தன் புருஷனும் ஒரு காகிதத்தை நடுவில் வைத்துக்கொண்டு, தன்னைப் பற்றித் தலையாட்டிக்கொண்டு நிற்கிற காட்சிதான் கண் முன்னால் நின்றது. அதற்கு மறுநாள்தான் அவள் அந்த அக்காவுக்கு டீ போட்டுக் கொடுத்திருக்கிறாள், சர்க்கரை கொஞ்சம் தூக்கலாக. கூட இருந்தே குழி பறித்தார்கள் என்று சொல்வார்கள். இங்கே பறித்தது மட்டுமில்லை, அளவு சரியாக இருக்கிறதா என்று இரண்டு பேரும் கலந்து பேசியும் இருக்கிறார்கள்.

மறுநாள் மத்தியானம் பெரியவள் வந்தாள். சின்னவளின் புருஷன் போன் செய்து சொல்லியிருப்பார். கதவைத் திறந்ததும் அழுதுகொண்டே உள்ளே வந்து, தங்கையின் கையைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்து, தானும் எதிரே உட்கார்ந்தாள். புருஷன் ஜன்னல் பக்கம் நின்றார். மகள் பள்ளிக்கூடத்தில் இருந்தாள்.

"என்னைத் திட்டிடு. அடிக்கணும்னா அடிச்சிடு. ஆனா யோசிச்சுப் பாரு. என் ரெண்டாவது வேலை தெரிஞ்சா என்னை ஒரேயடியா அனுப்பிடுவாங்க. பையனுக்கு இன்னும் ரெண்டு வருஷம் படிப்பு இருக்கு. உனக்காவது ஊர்ல போய் ஒண்டறதுக்கு உன் மாமியார் வீடு இருக்கு. எனக்கு யார் இருக்கா?"

"உனக்கு நான் இருந்தேனே" என்றாள் சின்னவள்.

பெரியவள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். சின்னவளுக்கு அழுகை வரவில்லை. முந்தின ராத்திரியெல்லாம் அழுது தீர்த்திருந்தாள். வாழ்க்கையில் முதல் தடவையாக அக்கா பேசி முடிக்கும்வரை காத்திருந்து, அப்புறம் தான் பேசினாள்.

"'சின்னவளே, எனக்குப் பதிலா நீ பழியை ஏத்துக்கோ'ன்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா, சத்தியமா ஏத்துக்கிட்டிருப்பேன்க்கா. ரெண்டு நாள் அழுதிருப்பேன், அப்புறம் கையெழுத்துப் போட்டிருப்பேன். இவரும் கேட்டிருக்கலாம். உனக்கு நான் எதுக்கு மாட்டேன்னு சொல்லியிருக்கேன்?"

பெரியவள் சட்டென்று நிமிர்ந்தாள். கண்ணைத் துடைத்தாள். "அப்ப விட்டுடுடி. நீ சொல்ற மாதிரியே நினைச்சுக்கோ. இப்ப கேக்கறேன். உன் கால்ல விழுந்து கேக்கறேன், இதை இப்படியே விட்டுடு."

"விட்டுடலாம்மா" என்றார் ஜன்னல் பக்கம் நின்றவர், மெல்ல. "அக்காதான் கேக்கறாங்களே."

சின்னவள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். கேட்டிருந்தால் கொடுத்திருப்பாள் என்பது இவர்களுக்கும் தெரிந்திருக்கிறது. தெரிந்துதான் கேட்கவில்லை. கேட்டால் நன்றிக்கடன் ஆகிவிடும். கேட்காமல் எடுத்துக்கொண்டால் கெட்டிக்காரத்தனம். இதை யோசித்ததும்தான் அவளுக்கு உண்மையான கோபம் வந்தது.

"அப்ப கேட்டிருந்தா அது உதவி. எடுத்துக்கிட்டு, மாட்டிக்கிட்டு, அப்புறம் வந்து கேட்டா அதுக்குப் பேர் வேற. எழுந்திருக்கா. பொண்ணு வர்ற நேரமாச்சு, அவ முன்னாடி நீ அழ வேண்டாம்."

வெள்ளிக்கிழமை காலை அவள் தனியாகச் சலவை ஆலைக்குப் போனாள். எந்தப் பஸ், எங்கே இறங்க வேண்டும் என்பது தெரியும். அதற்குமேல் பேச்சு தேவைப்படவில்லை. வாசலில் இருந்த பெண்ணிடம் கடிதத்தின் கடைசிப் பத்தியை விரலால் தொட்டுக் காட்டினாள். அந்தப் பெண் கஞ்சியைக் கூப்பிட்டாள். கஞ்சி படித்தாள், சின்னவளைப் பார்த்தாள், ஒரு தேதியை எழுதிக் கொடுத்தாள். அந்தச் சின்னச் சீட்டைச் சின்னவள் ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தாள். புருஷன் "கூட வரட்டுமா?" என்று கேட்டார். "வேண்டாம்" என்றாள். மறுவிசாரணை நாள்வரை அந்த வீட்டில் உப்பு, பால், பிள்ளையின் சாக்ஸ் தவிர வேறு பேச்சு இல்லை.

முடிவை இப்போதே சொல்லிவிடலாம், யாரும் நகத்தைக் கடிக்க வேண்டாம். சின்னவளுக்கு வேலை திரும்பக் கிடைத்தது, நகரத்தின் மறுகோடியில் இருந்த இன்னொரு ஆலையில், கடைசி எச்சரிக்கையோடு. பெரியவளுக்கும் அதே எச்சரிக்கை. பொறுப்பாளர் பதவி போயிற்று, வேலை போகவில்லை. குடியிருப்பு அனுமதி தப்பியது. முதல் தடவையாகப் பிடிபடுகிறவர்களுக்கு அந்த ஆலையில் எப்போதுமே எச்சரிக்கைதான் தண்டனையாம். சின்னவளை நீக்கியதற்குக் காரணம், கண்டித்த பிறகும் செய்தேன் என்று அந்தக் கடிதத்தில் எழுதியிருந்த ஒரு வரி. சனிக்கிழமை மத்தியானம் அந்த மேஜையில் உண்மையை எழுதியிருந்தால் இரண்டு எச்சரிக்கையோடு எல்லாம் முடிந்து, திங்கட்கிழமை இரண்டு பேரும் வழக்கம்போல ஆளுக்கு ஒரு மூலையைப் பிடித்திருப்பார்கள். அத்தனை வருஷ அனுபவத்துக்கு இது தெரியவில்லை.

ஆனால் மறுவிசாரணைக்குப் போனபோது சின்னவளுக்கு இதெல்லாம் தெரியாது. உண்மையைச் சொன்னால் அக்கா வேலை போகும் என்றுதான் அவளும் நம்பினாள். நம்பியேதான் போய் உட்கார்ந்தாள்.

சின்ன அறை. மேஜைக்கு அந்தப் பக்கம் கஞ்சி, மேனேஜர், குறிப்பெடுக்க ஒரு ஆள். நடுவில் ஒரு போன். அதிலிருந்து மொழிபெயர்ப்பாளரின் குரல் வந்தது. எங்கேயோ இருக்கிற ஒரு பெண்மணி. "வணக்கம்மா, நீங்க தமிழ்லயே பேசலாம். நீங்க சொல்றதை அப்படியே சொல்றதுதான் என் வேலை" என்றார். அப்படியே என்ற சொல்லைக் கேட்டதும் சின்னவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். தண்ணீர் குடித்துவிட்டு ஆரம்பித்தாள். நூற்பாலையில் அட்டை தட்டின பழக்கத்தைச் சொன்னாள். இங்கே அது தப்பு என்று தெரியாது, தெரிந்திருந்தால் அக்கா கேட்டாலும் பயந்திருப்பேன் என்றாள். ஆறு மாதம் தட்டினேன், அதை மறைக்கவில்லை என்றாள்.

"அவங்க ஏன் லேட்டா வந்தாங்கன்னு கேக்கறாங்கம்மா."

பையனின் படிப்பு, விடியற்காலையில் துடைக்கிற அலுவலகம், எல்லாம் சின்னவளின் நாக்கு நுனியில் இருந்தது.

"அதை அவங்களைத்தான் கேக்கணும். அவங்களுக்காக நான் பேச மாட்டேன்."

குரல் அதை அந்த மொழியில் சொன்னது. மேனேஜர் தலையாட்டிவிட்டு, அந்த ஒன்றரைப் பக்கத்தை மேஜையில் அவள் பக்கம் திருப்பி வைத்தார்.

"இந்தக் கடிதம் உங்களோடதான்னு கேக்கறாங்க."

"கையெழுத்து என்னோடது. எழுதினது அக்கா. என்ன எழுதியிருக்குன்னு என்கிட்ட வேற மாதிரி சொன்னாங்க. என் பொண்ணு படிச்சுச் சொல்லித்தான் தெரிஞ்சுது."

மறுபடியும் அந்த மொழியில் பேச்சு. கஞ்சி பேனாவைக் கீழே வைத்துவிட்டு நீளமாக ஏதோ கேட்டாள். மொழிபெயர்ப்பாளர் முதலில் அவளுக்கு அந்த மொழியிலேயே ஏதோ விளக்கிவிட்டு, அப்புறம் தமிழுக்கு வந்தார்.

"அம்மா, அக்கா அக்கான்னு சொல்றீங்க. நம்ம ஆளுங்க வயசுல பெரியவங்க எல்லாரையும் அப்படித்தான் கூப்பிடுவாங்கன்னு நான் விளக்கிச் சொன்னேன். அவங்களுக்குச் சரியா தெரியணுமாம். இது மரியாதைக்குச் சொல்ற அக்காவா?"

"இல்லம்மா" என்றாள் சின்னவள். குரல் உடையாமல் இருக்க, சொல் சொல்லாக நிறுத்திச் சொன்னாள். "எங்கம்மா வயித்துல எனக்கு முன்னாடி பொறந்தவ. கூடப் பொறந்த அக்கா. அதையும் எழுதிக்கச் சொல்லுங்க."